கஷாங்கா சொல்லும் சேதி

(கூட்டமைப்பின் காலாண்டுக் கூட்டத்தில் நமது களப்பணி ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரை)



காலையில் இருந்து வரவு செலவு, கடன் திருப்பம், தணிக்கை என்று கணக்கே பேசிவிட்டோம். இந்த அரை மணி நேரம் "உணவும் பெண்களும்" என்ற தலைப்பில் பேசச் சொல்லியிருக்கிறார்கள். வழக்கமாக இந்தத் தலைப்பு வந்தால் கீரை, முட்டை, சத்துமாவு என்று பேசுவோம். இன்றைக்குக் கொஞ்சம் தூரமாகப் போய்ப் பேசலாம் என்று நினைக்கிறேன். ஐரோப்பாவில் போலந்து என்று ஒரு நாடு இருக்கிறது. அந்த நாட்டுக் கிராமத்துப் பெண்கள் பன்றி ரத்தத்தில் செய்யும் ஒரு உணவைப் பற்றித்தான் பேசப் போகிறேன். அதன் பெயர் கஷாங்கா.

பின்வரிசையில் "ஐயே, ரத்தமா?" என்று சிரிக்கிறது கேட்குது. சிரிங்க, பரவாயில்லை. ஆனா ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க. ஞாயிற்றுக்கிழமை காலையில் கறிக்கடைக்குத் தூக்குவாளி கொண்டு போய், ஆட்டு ரத்தம் வாங்கி வந்து, சின்ன வெங்காயம், காய்ந்த மிளகாய், தேங்காய்ப்பூ போட்டுப் பொரித்த வீடு இந்த மண்டபத்தில் எத்தனை பேருக்கு உண்டு? கை தூக்க வேண்டாம். மனசுக்குள்ளேயே எண்ணிக்கோங்க.

எனக்கு எப்படித் தெரிந்தது?

சில வருடங்களுக்கு முன்பு போலந்தில் இருந்து சமூகப்பணி படிக்கும் ஒரு பெண், களப்பயிற்சிக்காக எங்கள் நிறுவனத்துக்கு வந்திருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை குழு உறுப்பினர் ஒருவர் வீட்டுக்கு அவளை அழைத்துப் போனேன். அந்த அக்கா அடுப்பில் ரத்தப் பொரியல் கிளறிக்கொண்டிருந்தார். வெள்ளைக்காரப் பெண் வந்துவிட்டாளே என்று சட்டியை மூடி ஓரமாகத் தள்ளி வைத்தார். வாசம் போகுமா? அந்தப் பெண் நேராக அடுப்பங்கரைக்கே போய், மூடியைத் திறந்து பார்த்து, "இது எங்க பாட்டி வீட்டு வாசம்" என்றாள். அன்றைக்கு மத்தியானம் முழுக்க அவள் பாட்டியைப் பற்றியேதான் பேசினாள். அவள் சொன்னதையும், பிறகு நானே தேடிப் படித்ததையும் சேர்த்துத்தான் இங்கே சொல்கிறேன்.

கஷாங்கா என்றால் என்ன?

காஷா என்பது போலந்துக்காரர்களின் தானியச் சோறு. நாம் வரகு, சாமை சமைப்பது மாதிரி அவர்கள் பார்லியையோ, பக்வீட் என்ற முக்கோண வடிவத் தானியத்தையோ குத்தி உடைத்து வேக வைப்பார்கள். அந்தக் காஷா சேர்வதால்தான் கஷாங்கா என்று பெயர். சில பகுதிகளில் இதையே கிஷ்கா என்கிறார்கள். கிஷ்கா என்றால் குடல். நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்த சிலேசியா பகுதியில் இதற்கு குருப்னியோக் என்று பெயர்.

செய்முறை இதுதான். பன்றியை அறுத்ததும் ரத்தத்தைச் சுத்தமான பாத்திரத்தில் பிடிப்பார்கள். ஒரு பெரிய பன்றியில் 3, 4 லிட்டர் கிடைக்கும். நாம் உப்புத் தண்ணீர் விட்டு ரத்தத்தை உறைய வைப்போம், பிறகு வேக வைத்து உதிர்ப்போம். அவர்கள் உறைய விடவே மாட்டார்கள். சூடு ஆறுகிற வரைக்கும் ஒருவர் நிறுத்தாமல் கிளறிக்கொண்டே இருப்பார். அது பெரும்பாலும் வீட்டுப் பெண்ணின் வேலை.

ஈரல், நுரையீரல், தோல், கொழுப்பு எல்லாவற்றையும் வேக வைத்து அரைப்பார்கள். வதக்கிய வெங்காயம், மிளகு, உப்பு, மார்ஜோரம் சேர்ப்பார்கள். நம்ம பூக்கடையில் கதம்பத்தில் வைத்துக் கட்டுவார்களே மரு, அதுதான் மார்ஜோரம். நாம் தலையில் வைக்கிறோம், அவர்கள் சட்டியில் போடுகிறார்கள்! இதோடு வெந்த தானியத்தையும் ரத்தத்தையும் கலந்து, கழுவிச் சுத்தம் செய்த குடலுக்குள் அடைத்து, இரண்டு முனையையும் கட்டிவிடுவார்கள். கொதிக்கக் கொதிக்க வேக வைத்தால் குடல் வெடித்துவிடும். அதனால் தண்ணீர் தளதளவென்று கொதிக்காமல் பார்த்துக்கொண்டு மெதுவாக வேக வைப்பார்கள். பிறகு துண்டு போட்டு வெங்காயத்தோடு வறுத்து, உருளைக்கிழங்கும் புளிக்க வைத்த முட்டைக்கோஸும் வைத்துச் சாப்பிடுவார்கள்.

ஒன்றைக் கவனித்தீர்களா? 4 லிட்டர் ரத்தத்தில் தானியம் சேர்ந்ததும் ஒரு பெரிய குடும்பத்துக்கே பல வேளைச் சாப்பாடு ஆகிவிடுகிறது. கறி குறைவு, வாய் அதிகம். அந்தக் கணக்கைப் போட்டவள் ஒரு குடும்பத் தலைவிதான்.

ஊரே கூடும் நாள்

அந்தக் காலத்தில் குளிர்சாதனப் பெட்டி கிடையாது. அதனால் போலந்துக் கிராமங்களில் பன்றி அறுப்பதைக் குளிர்காலத்தில் வைத்துக்கொள்வார்கள். கிறிஸ்துமஸுக்கு முன்பு இது முக்கியமான நாள். சொந்தபந்தம், அக்கம்பக்கம் எல்லாம் உதவிக்கு வரும். இன்றைக்கு உன் வீடு, அடுத்த வாரம் என் வீடு.

தொடைக்கறியை உப்புப் போட்டுப் புகையில் காட்டி மாதக்கணக்கில் வைத்துக்கொள்வார்கள். கொழுப்பை உருக்கி ஜாடியில் ஊற்றுவார்கள். ஆனால் ரத்தம் காத்திருக்காது, அன்றைக்கே சமைத்தாக வேண்டும். அதனால் கஷாங்காதான் அந்த நாளின் முதல் ருசி. அதில் பக்கத்து வீடுகளுக்கும் பங்கு போகும். வேக வைத்த தண்ணீரைக்கூடக் கீழே ஊற்றமாட்டார்கள், அது சூப் ஆகிவிடும். அந்தப் பெண்ணுக்குச் சின்ன வயதில் கொடுத்த வேலை, அந்தச் சூப்பைப் பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு பனியில் நடந்து பக்கத்து வீடுகளில் கொடுத்துவிட்டு வருவது. "பாட்டி முகம்கூட மங்கலாத்தான் ஞாபகம் இருக்கு, அந்தப் பாத்திரத்தோட சூடு கையில அப்படியே இருக்கு" என்றாள்.

இன்னொரு சுவையான செய்தி. வாத்து ரத்தத்தில் செய்யும் செர்னினா என்று ஒரு சூப்பும் அங்கே உண்டு. பழைய காலத்தில் பெண் கேட்டு வந்த மாப்பிள்ளையைப் பிடிக்கவில்லை என்றால், வாயால் சொல்லாமல் அந்தக் கறுப்புச் சூப்பைப் பரிமாறிவிடுவார்களாம். அவர் சாப்பிட்டுவிட்டு எழுந்து போய்விட வேண்டியதுதான்! ஆதாம் மிஸ்கியேவிச் என்ற கவிஞர் 1834-ல் எழுதிய "பான் ததேயுஷ்" என்ற காவியத்தில்கூட இந்த வழக்கம் வருகிறது. நம்ம ஊரில் "ஜாதகம் பொருந்தலை" என்று சொல்லி அனுப்புகிறோம், அவர்கள் சூப் ஊற்றி அனுப்பியிருக்கிறார்கள்.

காலிப் பாத்திரங்களின் ஊர்வலம்

போலந்தில் எல்லாக் காலமும் இப்படிப் பன்றி அறுத்துப் பங்கு போட்டுக்கொண்டு நடக்கவில்லை. 1980 ஜூலையில் அரசாங்கம் கறி விலையை உயர்த்தியது. தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1981 ஏப்ரலில் கறிக்கு ரேஷன் அட்டை வந்தது, அது 1989 வரை இருந்தது. அட்டை இருந்தாலும் கடையில் சரக்கு இல்லை. பெண்கள் விடியற்காலையில் இருந்து வரிசையில் நின்றார்கள்.

வூச் என்ற நகரம் நம்ம கோயம்புத்தூர் மாதிரி பஞ்சாலை நகரம். ஆலைகளில் பெரும்பாலும் பெண்கள்தான் வேலை செய்தார்கள். 8 மணி நேரம் ஷிப்டு முடித்துவிட்டு கடை வாசலில் வரிசை, அதன் பிறகு வீட்டில் அடுப்பு. பொறுக்க முடியாமல் 1981 ஜூலை 30 அன்று ஆயிரக்கணக்கான பெண்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நகரத்தின் முக்கிய வீதியில் ஊர்வலம் போனார்கள். பசி ஊர்வலம் என்று அதற்குப் பெயர். காலிக் குடத்தோடு சாலையில் உட்கார்ந்து தண்ணீர் கேட்ட அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. அந்தப் பெண்களின் மனசு நமக்குப் புரியும்.

ஒரே பெயர், இரண்டு பக்குவம்

போலந்தில் கிறிஸ்தவர்களும் யூதர்களும் பல நூறு வருடங்களாகப் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் வாழ்ந்தார்கள். யூதர்களின் மதத்தில் ரத்தம் சாப்பிடக் கூடாது, பன்றியும் கூடாது. ஆனால் அவர்களும் கிஷ்கே என்று ஒன்று செய்தார்கள். மாட்டுக் குடலுக்குள் மாவும், கோழிக் கொழுப்பும், வெங்காயமும் அடைத்து வேக வைப்பது. பெயர் ஒன்று, பக்குவம் வேறு. நம்ம தெருவில் ஒரு வீட்டுப் பிரியாணியும் அடுத்த வீட்டுக் குஸ்காவும் இருக்கிற மாதிரி.

இரண்டாம் உலகப் போருக்கு முன்பு போலந்தில் சுமார் 33 லட்சம் யூதர்கள் இருந்தார்கள். அவர்களில் சுமார் 30 லட்சம் பேரை ஹிட்லரின் ஆட்கள் கொன்றுவிட்டார்கள். அத்தனை வீட்டு அடுப்பும் அணைந்துபோனது. அந்தக் கைப்பக்குவம் இன்றைக்கு மிஞ்சியிருக்கிறது என்றால், தப்பிப் பிழைத்தவர்களும், அதற்கு முன்பே கப்பலேறிப் போனவர்களும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததால்தான்.

கப்பலேறிப் போனவர்கள் என்றேன். 1800-களின் கடைசியில் இருந்து லட்சக்கணக்கான போலந்து ஏழைகள் அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போனார்கள். சிகாகோ நகரத்தின் பெரிய இறைச்சித் தொழிற்சாலைகளில் நிறையப் பேருக்கு வேலை கிடைத்தது. பாஷை தெரியாத ஊர், கடும் குளிர், கூலி வேலை. ஆனால் கிஷ்காவை விடவில்லை. 1960-களில் "கிஷ்காவைத் திருடினது யாரு?" என்று கேட்கும் ஒரு வேடிக்கைப் பாட்டுகூட அங்கே பிரபலமானது. பேரப் பிள்ளைகளுக்குப் பாட்டியின் பாஷை மறந்துவிட்டது. கிஷ்கா என்ற சொல் மட்டும் மறக்கவில்லை. பிழைக்கப் போகிறவர்கள் கடைசியாக விடுவது சாப்பாட்டைத்தான் போலிருக்கு.

மதிப்பு எப்படி வந்தது?

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். கஷாங்காவை அங்கேயும் ஏழைச் சாப்பாடு என்றுதான் ஒதுக்கி வைத்தார்கள். கையில் காசு வந்த பிறகு பிள்ளைகள் "இதை யார் சாப்பிடுவா?" என்று கேட்டார்கள். வீட்டில் செய்வதும் குறைந்துவிட்டது. 2014-ல் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் என்ற நோய் போலந்துக்குள் வந்தது. நோயைத் தடுக்கக் கடுமையான விதிமுறைகள் போட்டார்கள். இரண்டு மூன்று பன்றி வளர்த்த சின்னக் குடும்பங்கள் பல அந்த விதிமுறைகளுக்கு ஈடுகொடுக்க முடியாமல் வளர்ப்பதையே விட்டுவிட்டன. பன்றி இல்லாத வீட்டில் கஷாங்கா ஏது?

அப்படியும் அது அழிந்துபோகவில்லை. அதற்கு இரண்டு காரணம் சொல்வேன்.

முதலாவது, அதைச் செய்தவர்கள் அதை எழுத்தில் கொண்டுவந்தார்கள். சிலேசியாக்காரர்கள் தங்கள் குருப்னியோக்குக்கு, எந்தப் பகுதியில் செய்வது, என்னென்ன சேர்ப்பது என்று ஆவணப்படுத்தி 2016-ல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு வாங்கிவிட்டார்கள். நம்ம கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020-ல் கிடைத்ததே, அதே மாதிரி. சுரங்கத் தொழிலாளி வீட்டுச் சாப்பாட்டுக்குச் சட்டப் பாதுகாப்பு!

இரண்டாவது காரணம் நம்மைப் போன்ற குழுக்கள். ஆமாம், அங்கேயும் குழு இருக்கு! கிராம இல்லத்தரசிகள் வட்டம் என்று பெயர். 1877-ல் யானிஸ்வாவித்சே என்ற கிராமத்தில் பிலிப்பினா ப்வாஸ்கோவித்ஸ்கா என்ற பள்ளி ஆசிரியை அப்படி ஒரு வட்டத்தைத் தொடங்கினார். அப்போது அந்தப் பகுதி ரஷ்யப் பேரரசின் கீழ் இருந்தது. அடுத்த வருடமே அவரைக் கைது செய்தார்கள். சைபீரியாவுக்கு நாடு கடத்தப்பட்ட அவர் 1881-ல் இறந்துபோனார். அவருக்கு அப்போது 40 வயதுகூட ஆகவில்லை. ஆனால் வட்டங்கள் பெருகின. 2018-ல் போலந்து அரசாங்கம் இதற்கென்றே தனிச் சட்டம் போட்டது. குறைந்தது 10 பேர் சேர்ந்தால் வட்டமாகப் பதிவு செய்யலாம், அரசு நிதியுதவி பெறலாம், பொருள் செய்து விற்று வருமானமும் ஈட்டலாம். இன்றைக்கு அங்கே அறுவடைத் திருவிழாக்களிலும் சந்தைகளிலும் ஊர்ச் சாப்பாட்டைச் சமைத்து வைத்து விற்பது இந்த வட்டத்துப் பெண்கள்தான்.

நம்ம பட்டியலில் விட்டுப்போனது

போன மாதம் நம் குழுக்களில் "எங்கள் வீட்டுப் பழைய உணவு" என்று ஒரு பட்டியல் எடுத்தோம். கம்பங்கூழ், கேழ்வரகுக் களி, உளுந்தங்களி, சோளச் சோறு என்று நிறையச் சொன்னீர்கள். ரத்தப் பொரியல், குடல் குழம்பு, தலைக்கறி, சுவரொட்டி எதுவும் பட்டியலில் இல்லை. கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் 4 பேர் தனித்தனியாக என்னிடம் வந்து, "மேடம், எங்க அம்மா ரத்தப் பொரியல் செஞ்சா தெருவே மணக்கும். ஆனா எழுதிடாதீங்க" என்றார்கள்.

ஏன் எழுதக் கூடாது? காரணம் எல்லாருக்கும் தெரியும். இன்ன சாதிக்காரர்தான் இதைச் சாப்பிடுவார் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ, கறி வாங்க வக்கில்லாதவர்கள் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம். ஒரே பாயில் உட்கார்ந்து சேமிப்புப் போடுகிறோம், ஒருவர் கடனுக்கு இன்னொருவர் பொறுப்பேற்கிறோம். வீட்டில் என்ன சமைத்தோம் என்பதை மட்டும் சொல்லப் பயப்படுகிறோம். இது யாருடைய குற்றமும் இல்லை என்று சொல்லி நான் தாண்டிப் போகமாட்டேன். சிரிக்கிறவர் இருக்கிறதால்தான் மறைக்கிறவர் இருக்கிறார். அடுத்த கூட்டத்தில் ஒருவர் தன் வீட்டுச் சாப்பாட்டைச் சொல்லும்போது யாரும் மூக்கைச் சுளிக்கக் கூடாது. இதைக் குழுத் தீர்மானமாகவே எழுதுங்கள்.

சத்துக் கணக்கும் இருக்கிறது. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100-க்கு 53 பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல்! ரத்தத்திலும் ஈரலிலும் உள்ள இரும்புச்சத்து, கீரையில் உள்ளதைவிட எளிதாக உடம்பில் சேரும். ஆனா நம்ம வீட்டில் பொரியலை அவருக்கு, பையனுக்கு, மாமனாருக்கு என்று வைத்துவிட்டு, கடைசியில் சட்டியில் ஒட்டியிருக்கிறதைச் சோறு போட்டுப் பிசைந்து சாப்பிடுவது யார்? நீங்களே சொல்லுங்க. வயசுக்கு வந்த பெண் பிள்ளைக்கும், உங்களுக்கும் முதலிலேயே ஒரு பங்கு எடுத்து வையுங்கள்.

சில எச்சரிக்கைகள். நம்பிக்கையான கடையில், நோயில்லாத ஆட்டின் ரத்தம் அன்றன்றைக்கு வாங்கி, நன்றாக வேக வைத்துத்தான் சாப்பிட வேண்டும். போலந்தில்கூட வீட்டில் அறுக்கும் பன்றியின் கறியில் புழு இருக்கிறதா என்று கட்டாயம் பரிசோதிக்க வேண்டும். இதைச் சாப்பிடுகிறோம் என்று சுகாதார நிலையத்தில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். ரத்தம் சாப்பிடாத முஸ்லிம் சகோதரிகளும் சைவச் சகோதரிகளும் நம் குழுக்களில் இருக்கிறார்கள். அவர்களை யாரும் வற்புறுத்த வேண்டாம். அவர்கள் கீரை, பயறோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொள்ளலாம், சாப்பிட்ட உடனே டீ குடிக்காமல் இருக்கலாம்.

அடுத்த கூட்டத்துக்கு முன்பு செய்ய வேண்டியவை

1. ஒவ்வொரு உறுப்பினரும் வீட்டில் உள்ள மூத்த பெண்மணியிடம் உட்கார்ந்து ஒரு பழைய உணவின் செய்முறையைக் கேட்க வேண்டும். "கண்ணளவு" என்று சொன்னால் விடாதீர்கள். அவர் கையால் போட்டதும் டம்ளரால் அளந்து எழுதுங்கள்.

2. அந்த உணவை எந்த நாளில் செய்தார்கள், யார் யாருக்குக் கொடுத்தார்கள், கடைசியாகச் சாப்பிட்டது யார் என்பதையும் எழுதுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்குக் குழு ஊக்குநர் எழுதித் தருவார்.

3. எல்லாக் குழுக்களின் ஏடும் கூட்டமைப்பு அலுவலகத்துக்கு வர வேண்டும். அதில் இருந்து தேர்ந்தெடுத்து, வருகிற மகளிர் தின உணவுத் திருவிழாவில் சமைத்து விற்போம். கடைப் பலகையில் செய்தவரின் பெயரோடு, சொல்லிக்கொடுத்த பாட்டியின் பெயரும் இருக்கட்டும்.

அந்தப் போலந்துப் பெண்ணின் பாட்டி இறந்து பல வருடம் ஆகிறது. அவள் அம்மா இப்போது கடையில்தான் கஷாங்கா வாங்குகிறாராம். பாட்டி எவ்வளவு மார்ஜோரம் போட்டார், எப்போது போட்டார் என்று அந்த வீட்டில் இன்றைக்கு யாருக்கும் தெரியாது. உங்கள் வீட்டில் கேட்பதற்கு இன்னும் ஆள் இருக்கிறார்கள். இன்று சாயங்காலமே கேளுங்கள்.

மதியச் சாப்பாடு தயாராக இருக்கிறது. பரிமாறுகிறவர்களும் இன்று நம்மோடு ஒரே பந்தியில் உட்காரட்டும்.